12 வாரத்தை 5 வாரமாக்கிய பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆயத்த ஆங்கிலப் படிப்பின் பாடத்திட்டத்தை முடிவு செய்யும் குழுவின் உறுப்பினர்களுக்கு,

பல்கலைக்கழகத்தில் சேரவிருக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கான 12 வார ஆயத்த ஆங்கிலப் படிப்பை 5 வாரமாகக் குறைத்திருக்கிறீர்கள். அந்த 5 வாரத்திலும் பாதி நேரம் தேர்வுப் பயிற்சிக்குப் போய்விடுகிறது. கட்டுரை திருத்தும் வேலை மென்பொருளிடம் ஒப்படைக்கப்படுகிறது. வகுப்புக்கு 30 பேர். உங்கள் சுற்றறிக்கை இதற்கு மூன்று காரணங்களைச் சொல்கிறது: மாணவர்கள் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 9க்கு 6.5 வாங்கிக்கொண்டுதான் வருகிறார்கள். மொழிப்பிழைகளை மென்பொருளே திருத்திவிடும். மிச்சத்தைத் துறைகள் பார்த்துக்கொள்ளும். மூன்றையும் எங்களால் ஏற்க முடியவில்லை. இந்த வகுப்புகளை நடத்துகிறவர்கள், மாணவர்களின் வரைவுகளை வாராவாரம் வாசிக்கிறவர்கள் நாங்கள். எந்த இடத்தில் மாணவர் தடுக்கி விழுகிறார் என்பது எங்களுக்குத் தெரியும். நீங்கள் வெட்டியிருப்பது சரியாக அந்த இடத்தைத்தான்.

முதலில் அந்த 6.5 பற்றி. ஐஇஎல்டிஎஸ் மொத்த மதிப்பெண் என்பது கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கின் சராசரி. அருகிலுள்ள அரை பேண்டுக்குச் சரிசெய்யப்பட்டது (இந்தத் தேர்வின் மதிப்பெண் அலகுதான் பேண்டு). சராசரி கால் பேண்டில் முடிந்தால் மேலே ஏற்றுவார்கள். ஒரு மாணவர் கேட்டலில் 7.5, வாசித்தலில் 6.5, எழுதுவதிலும் பேசுவதிலும் தலா 5.5 வாங்கினால் சராசரி 6.25. சான்றிதழில் அது 6.5 என்று நிற்கும். எழுத்தில் 5.5 வாங்கிய இவரும் நான்கிலும் 6.5 வாங்கிய இன்னொருவரும் உங்கள் பட்டியலில் ஒரே வரிசையில் வருகிறார்கள். பல்கலைக்கழகப் படிப்பின் மூன்றாம் வாரத்தில் 2,500 சொல் கட்டுரை கேட்கப்படும்போது இருவரின் நிலையும் ஒன்றாக இருக்காது.

தேர்வை நடத்துகிறவர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். கல்வி நிறுவனங்களுக்கான ஐஇஎல்டிஎஸ் வழிகாட்டியில், மருத்துவம், சட்டம் போன்ற மொழிச்சுமை கூடிய படிப்புகளுக்கு 6.5 வாங்கியவர் இன்னும் ஆங்கிலம் படிக்க வேண்டும் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. மொழிச்சுமை குறைந்த படிப்புகளுக்குக்கூட அதே 6.5 ‘அநேகமாகப் போதும்’ என்ற அளவில்தான் நிற்கிறது. தேர்வை உருவாக்கியவர்கள் ஆரம்பக் கோடு என்று வைத்ததை நீங்கள் முடிவுக் கோடாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மதிப்பெண்ணை விடுங்கள், அந்தத் தேர்வு எதைச் செய்யச் சொல்கிறது என்று பாருங்கள். எழுத்துத் தேர்வு 60 நிமிடம். முதல் பணியில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ குறைந்தது 150 சொற்களில் விவரிக்க வேண்டும். இரண்டாவதில் ஒரு பொதுவான கேள்விக்கு குறைந்தது 250 சொற்களில் கருத்துச் சொல்ல வேண்டும்; ஆதாரமாகத் தன் அறிவையும் அனுபவத்தையும் காட்டினால் போதும். யாரையும் வாசிக்க வேண்டியதில்லை, மேற்கோள் காட்ட வேண்டியதில்லை, இரண்டு நூலாசிரியர்கள் முரண்படும்போது யார் பக்கம் நிற்பது என்று முடிவெடுக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தில் இதெல்லாம் தலைகீழாகிறது. அங்கே சொந்த அனுபவத்துக்கு மதிப்பெண் கிடையாது. பத்துப் பன்னிரண்டு மூலங்களை வாசித்து, அவற்றின் வழியாகத் தன் வாதத்தை நடத்திச் செல்கிறாரா என்றுதான் பார்க்கிறார்கள். ஒன்றில் 6.5 வாங்கியவருக்கு மற்றது தானாக வந்துவிடாது. அது வேறொரு திறன். வரைவு எழுதி, திருத்தம் வாங்கி, மறுபடி எழுதித்தான் அது வரும்.

தேர்வுப் பயிற்சி பல சமயம் எதிர்த்திசையிலேயே இழுக்கிறது. எந்தத் தலைப்பு வந்தாலும் ஒட்டவைக்கும்படி மனப்பாடம் செய்த வாக்கியங்களோடு மாணவர்கள் வருகிறார்கள். ‘இன்றைய நவீன உலகில்’ என்று தொடங்கும் முன்னுரை, ‘மறுக்கவே முடியாத உண்மை’ என்று அடித்துச் சொல்லும் நடு வரி, ‘ஒவ்வொரு நாணயத்துக்கும் இரண்டு பக்கங்கள் உண்டு’ என்ற முடிவுரை. 40 நிமிடத்தில் 250 சொல்லை நிரப்ப இவை கைகொடுக்கும். துறைப் பேராசிரியரோ முதல் பத்தியிலேயே ‘ஆதாரம் எங்கே?’ என்று ஓரத்தில் எழுதிவிடுவார். இந்தப் பழக்கத்தைக் களையவே எங்களுக்கு முதல் இரண்டு வாரம் பிடிக்கிறது. அதே பழக்கத்தை இன்னும் இரண்டரை வாரத்துக்கு நாங்களே ஊட்டி வளர்க்க வேண்டும் என்கிறது புதிய திட்டம்.

இனி, இந்தப் படிப்பின் மையமான வேலைக்கு வருகிறோம்: பிறர் எழுதியதை வாசித்துத் தன் சொற்களில் எழுதுவது, பாராஃப்ரேஸ் செய்வது. இதை ஒரு மணி நேரப் பாடம் என்று உங்கள் புதிய கால அட்டவணை போட்டிருக்கிறது. அது ஏன் ஒரு மணி நேரத்தில் முடியாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பயிற்சிக்காக நாங்களே அமைத்த வாக்கியம் இது, இங்கே தமிழில் தருகிறோம்:

‘தூக்கம் குறைந்த மாணவர்களிடம் நினைவாற்றல் குறைவது பல ஆய்வுகளில் காணப்பட்டாலும், அந்தக் குறைவுக்குத் தூக்கமின்மை மட்டுமே காரணம் என்று அவை காட்டவில்லை, மன அழுத்தமும் பங்களித்திருக்கலாம்.’

முதல் வரைவில் பெரும்பாலும் வருவது இப்படி இருக்கும்: ‘உறக்கம் குன்றிய மாணாக்கரிடம் ஞாபகசக்தி குன்றுவது பற்பல ஆராய்ச்சிகளில் தென்பட்டாலும், அந்தக் குன்றலுக்கு உறக்கமின்மை மாத்திரமே காரணம் என்று அவை நிறுவவில்லை, மன இறுக்கமும் பங்காற்றியிருக்கலாம்.’ சொல்லுக்குச் சொல் மாற்றியாயிற்று. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990களில் இதற்கு ‘பேட்ச்ரைட்டிங்’ என்று பெயரிட்டார். இதை ஏமாற்று வேலையாகப் பார்க்காமல், புதிய மொழியுலகுக்குள் நுழைகிறவர் கடக்கும் ஒரு கட்டமாகப் பார்க்க வேண்டும் என்றார். அவர் சொன்னது சரி என்பதை ஒவ்வொரு மாணவர் அணியின் முதல் வரைவுகளும் எங்களுக்குக் காட்டுகின்றன. ஆனால் துறையின் ஒழுங்கு விதிகளில் அந்தக் கட்டத்துக்கு இடமில்லை. அங்கே அது கருத்துத் திருட்டு. விசாரணைக்கு உரிய குற்றம். அதனால்தான் அந்தக் கட்டத்தை அவர்கள் மதிப்பெண் இல்லாத எங்கள் வகுப்பிலேயே கடந்துவிட வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறு ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். ‘தூக்கமின்மை நினைவாற்றலைக் குறைக்கிறது’ என்று மாணவர் சுருக்கமாக எழுதிவிடுவார். இலக்கணம் சுத்தம், சொற்கள் சொந்தம், எந்த மென்பொருளும் குறை சொல்லாது. ஆனால் மூல ஆசிரியர் எதை முடிவு செய்யவில்லை என்று கவனமாகச் சொன்னாரோ, அதையே அவர் முடிவு செய்துவிட்டதாக இந்த வாக்கியம் சொல்கிறது. ஒரு நூலாசிரியரின் வாயில் அவர் சொல்லாததைப் போடுவது ஆய்வுலகில் சின்னத் தவறில்லை.

நல்ல வரைவு இப்படி அமையலாம்: ‘தூக்கமின்மையும் நினைவாற்றல் குறைவும் சேர்ந்தே காணப்படுகின்றன என்பதை ஏற்கும் ஆசிரியர், ஒன்று மற்றதற்குக் காரணமா என்பது இன்னும் தெளிவாகவில்லை என்கிறார். மன அழுத்தத்தைத் தனியே பிரித்து அளக்காதவரை இந்தக் கேள்வி தீராது.’ இங்கே தொடங்கும் இடமே வேறு, வாக்கிய அமைப்பு வேறு, மூலத்தின் தயக்கம் மட்டும் குறையாமல் இருக்கிறது. முதல் வாக்கியம் ஆசிரியருடையது, இரண்டாவது மாணவருடைய கருத்து. ‘என்கிறார்’ என்ற ஒரு சொல் அந்த எல்லையைக் காட்டிவிடுகிறது. இந்த எல்லையை ஒவ்வொரு பத்தியிலும் வரையக் கற்றவரைக் கல்விசார் ஆங்கிலம் கற்றவர் என்று சொல்லலாம்.

இதற்கு நாங்கள் கற்றுக்கொடுக்கும் முறை எளிமையானது, ஆனால் மெதுவானது. பகுதியை இரண்டு முறை வாசிக்க வேண்டும். மூலத்தை மூடிவைத்துவிட வேண்டும். நான்கைந்து குறிச்சொற்களை மட்டும் எழுதிக்கொண்டு, அவற்றுக்கிடையே என்ன உறவு, காரணமா, முரணா, விதிவிலக்கா என்று அம்புக்குறி போட வேண்டும். ஆசிரியர் எவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்பதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். பிறகு குறிப்பைப் பார்த்து எழுத வேண்டும், மூலத்தைப் பார்த்து எழுதக் கூடாது. கடைசியாக மூலத்தைத் திறந்து, தொடர்ச்சியாகச் சொற்கள் ஒத்துப்போகின்றனவா, பொருள் கூடியோ குறைந்தோ போயிற்றா என்று ஒப்பிட வேண்டும். மேற்கோள் குறிப்பை அப்போதே போட்டுவிட வேண்டும்; பிறகு போடலாம் என்று விட்டவை பெரும்பாலும் போடப்படுவதில்லை. மூலத்தை மூடிவைப்பதில்தான் மாணவர்கள் மிரளுகிறார்கள். வாசித்தது புரியவில்லை என்பது அப்போதுதான் வெளிப்படும். பேட்ச்ரைட்டிங் நடப்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். பொருள் பிடிபடாதவருக்குச் சொல்லை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே பிரச்சினையின் வேர் வாசிப்பில் இருக்கிறது. தேர்வின் வாசிப்புப் பகுதியில் மூன்று பத்தித்தொகுப்புகள் சேர்த்து 2,150 முதல் 2,750 சொற்கள். 60 நிமிடத்தில் 40 கேள்விகள். ஒரு ஆய்விதழ்க் கட்டுரை சாதாரணமாக 6,000 முதல் 8,000 சொற்கள். ஒரு பாடத்துக்கே வாரம் இரண்டு மூன்று கட்டுரைகள் தருவார்கள். நிமிடத்துக்கு 100 சொல் வேகத்தில் வாசிப்பவருக்கு 7,000 சொல் கட்டுரையைக் கண்ணால் ஓட்டி முடிக்கவே 70 நிமிடம் ஆகும். புரிந்துகொள்வதும் குறிப்பெடுப்பதும் அதற்கு மேல்.

சொல்வளத்தின் கணக்கும் கடுமையானது. அகராதி இல்லாமல் வசதியாக வாசிக்கப் பக்கத்தில் 98 விழுக்காட்டுச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷன் போன்ற சொல்லறிவு ஆய்வாளர்கள் வைத்துக்கொள்ளும் அளவு. 400 சொல் பக்கத்தில் அது 8 தெரியாத சொற்கள். 95 விழுக்காட்டுக்கு இறங்கினால் 20 ஆகிவிடும். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒன்று என்ற நிலை. எழுத்துநடைக்கு அந்த 98 விழுக்காட்டை எட்ட 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஓர் அடிச்சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்று நேஷன் 2006இல் கணக்கிட்டார். ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் இருக்கின்றன. கல்விசார் நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை அவை அடைக்கின்றன. அருமையான பட்டியல். ஆனால் அதை வாரம் 114 சொல் என்று பிரித்து 5 வாரத்தில் செயலி வழியாக முடிக்கலாம் என்ற உங்கள் திட்டம் பயன் தராது. இப்படிப் படித்த மாணவருக்குச் சொல்லின் அர்த்தம் தெரியும்; அந்தச் சொல் எந்த வினையோடு, எந்த முன்னிடைச்சொல்லோடு வரும் என்பது தெரியாது. எழுதும்போது அகராதி வாடை வீசும் வாக்கியங்கள் அங்கிருந்துதான் வருகின்றன. அதே சொல்லை ஆறு வெவ்வேறு கட்டுரைகளில் சந்தித்து, அது வந்த தொடரோடு குறித்து வைத்து, தன் வரைவில் இரண்டு முறை பயன்படுத்தித் திருத்தம் வாங்கினால் நிற்கும். அதற்கு வாரங்கள் வேண்டும்.

வாசிப்பின் வரிசையையும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. முதல் வரியில் தொடங்கி, தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் மொழிபெயர்ப்பு எழுதிக்கொண்டு, நான்காம் பக்கத்தில் களைத்து நிற்பதுதான் வழக்கம். தலைப்பு, சுருக்கம், முன்னுரையின் கடைசிப் பத்தி, உட்தலைப்புகள், அட்டவணைகள், முடிவுரையின் முதல் பத்தி என்று பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ‘என் கேள்விக்கு இதில் பதில் இருக்கிறதா?’ என்று முடிவு செய்த பிறகே உள்ளே போக வேண்டும். முன்னுரையின் கடைசிப் பத்தி என்று ஏன் சொல்கிறோம் என்றால், மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் விளக்கியபடி ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரை பெரும்பாலும் மூன்று நகர்வுகளாக அமைகிறது: களத்தைக் காட்டுவது, அதில் இருக்கும் இடைவெளியைச் சுட்டுவது, அந்த இடைவெளியை இந்தக் கட்டுரை எப்படி நிரப்புகிறது என்று அறிவிப்பது. இதைக் கண்டுபிடிக்கக் கற்றவர் வாசிப்பில் பாதி நேரத்தை மிச்சம் பிடிக்கிறார். எழுதும்போதும் தன் முன்னுரைக்கு ஒரு வழி தெரிகிறது. ஏழாவது வாரத்தில் இதை வைத்திருந்தோம். புதிய அட்டவணையில் ஏழாவது வாரமே இல்லை.

பல மூலங்களை ஒன்றாகக் கோப்பது அடுத்த படி. முதல் பத்தியில் ஓர் ஆசிரியர், இரண்டாவதில் இன்னொருவர், மூன்றாவதில் மற்றொருவர் என்று வரிசையாக ஒப்பிப்பதுதான் முதலில் வருகிறது. ஒரு கட்டம் போட்டுக் கற்றுக்கொடுக்கிறோம்: இடப்பக்கம் மூலங்கள், மேலே கேள்விகள். யார் எந்தக் கேள்விக்கு என்ன சொன்னார் என்று நிரப்பியபின் குறுக்கே எழுதாமல் நெடுக்கே எழுத வேண்டும். ஒரு பத்தி ஒரு கேள்விக்கு. வெறுமையாக நிற்கும் கட்டங்களும் பேசும். எல்லோரும் விட்டுவிட்ட கேள்வி அதில்தான் தெரியும். கட்டம் போடுவது ஒரு வகுப்பில் முடியும். அதை வைத்து மூன்று மூலத்தில் ஒரு பத்தி, பிறகு ஐந்தில், பிறகு பத்தில் என்று ஏறுவதற்கு மூன்று வாரத்துக்குக் குறையாது.

மென்பொருள் பற்றி. தமிழ், சீனம், ஜப்பானியம், ரஷ்யம் போன்ற மொழிகளில் ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘ஏ’, ‘தி’ போன்ற ஆர்ட்டிகிள்கள் கிடையாது. அந்த மொழிகளிலிருந்து வரும் மாணவர்கள் அவற்றில் கடைசிவரை தடுமாறுவார்கள். மென்பொருள் அதைத் திருத்திவிடும். நாங்களும் பயன்படுத்தச் சொல்கிறோம். ஆனால் மதிப்பெண் போவது அதனால் இல்லை. ஆதாரம் ‘இருக்கலாம்’ என்று சொல்வதை மாணவர் ‘நிரூபிக்கிறது’ என்று எழுதியிருப்பதை மென்பொருள் அறியாது. மூலத்தை அது வாசித்திருக்கவில்லை. பத்தியின் கடைசி வரி வாதத்தோடு ஒட்டவில்லை என்பதையும் அது சொல்லாது. இந்த இடங்களில்தான் ஓர் ஆசிரியர் தேவைப்படுகிறார்.

கண்டுபிடிப்பான்களின் விஷயம் இன்னும் மோசம். மாணவர்கள் எழுதியதா, செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்பதைச் சொல்லும் கருவியை எல்லா வரைவுகளிலும் ஓட்டப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் இப்படிப்பட்ட 7 கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாக 61 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை தவறாகச் சொல்லின. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளில் அந்தத் தவறு அரிதாகவே நேர்ந்தது. காரணம் எளிது: அடுத்து வரும் சொல்லை எளிதில் ஊகிக்க முடிகிறதா என்று இந்தக் கருவிகள் பார்க்கின்றன. சொல்வளம் குறைந்தவர் பழகிய சொற்களையே பயன்படுத்துவார். அது இயந்திரத்தின் நடைபோலத் தோன்றிவிடுகிறது. ஆக, யாருக்கு இந்தப் படிப்பு மிகத் தேவையோ அவர்மேல்தான் பழி விழும். அந்தப் பழியிலிருந்து அவரைக் காப்பாற்றக்கூடியது வரைவுகளின் தொடர்ச்சி: முதல் குறிப்பு, முதல் வரைவு, ஆசிரியரின் திருத்தம், இரண்டாம் வரைவு. அந்தத் தொடர்ச்சியைத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள். கட்டுரையைப் பிற எழுத்துகளோடு ஒப்பிடும் டர்னிட்டின் என்ற மென்பொருள் காட்டும் ஒற்றுமை விழுக்காட்டையும் தீர்ப்பாக வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். முறையாக மேற்கோள் குறியிட்ட பகுதிகளும் நூற்பட்டியலும் சேர்ந்து 30 விழுக்காடு காட்டலாம். மூலம் சொல்லாமல் எடுத்த ஒரே பத்தி 5 விழுக்காட்டுக்குள் ஒளிந்திருக்கலாம்.

விரிவுரை கேட்பது பற்றிச் சுருக்கமாக. தேர்வில் கேட்டல் பகுதி 30 நிமிடம், நான்கு துண்டுகள், கேள்விகள் கண்முன் இருக்கும். விரிவுரை 50 நிமிடம், கேள்வி எதுவும் கண்முன் இருக்காது. எது முக்கியம் என்பதை மாணவரே முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் எழுதிவிட முயன்று, மூன்றாவது நிமிடத்தில் இழையை விட்டுவிடுவார்கள். அல்லது திரையில் இருப்பதையே நகல் எடுப்பார்கள். அது எப்படியும் பிறகு கிடைக்கும். பேராசிரியர் ‘ஆனால் இங்கே ஒரு சிக்கல்’ என்று திரும்பும் இடங்களைப் பிடிப்பதுதான் பயிற்சி. 10 நிமிடத்தில் தொடங்கி, 20, பிறகு முழு 50 என்று நீட்ட வேண்டும். குறிப்பெடுக்கக் கார்னெல் முறையே போதும்: வலப்பக்கம் குறிப்பு, இடப்பக்க ஓரத்தில் பிறகு எழுதும் கேள்வி, அடியில் அன்றே எழுதும் நான்கு வரிச் சுருக்கம்.

செமினாரில் பேசுவதும் அப்படியே. தேர்வில் 11 முதல் 14 நிமிடம் ஒரு தேர்வாளர் கேட்பார், காத்திருப்பார். செமினாரில் யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஒருவர் முடிக்கும் முன்பே அடுத்தவர் தொடங்கிவிடுவார். அந்த இடைவெளியில் நுழைவது, ‘நீங்கள் சொன்னதில் ஒரு பகுதியை ஏற்கிறேன்’ என்று தொடங்கி மறுப்பது, புரியாததைத் தலைகுனிவில்லாமல் கேட்பது ஆகியவை குழுவில் பழகி வருபவை. தனியாகத் திரை முன் உட்கார்ந்து பழக முடியாது. பேசாமல் இருக்கும் மாணவரை வாசிக்காமல் வந்தவர் என்று துறை எடுத்துக்கொள்கிறது. பல சமயம் அறையிலேயே அதிகம் வாசித்தவர் அவராக இருப்பார். இது எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

துறைகள் பார்த்துக்கொள்ளும் என்ற மூன்றாவது காரணம். துறைப் பேராசிரியர் கட்டுரையைப் பார்ப்பது அது சமர்ப்பிக்கப்பட்ட பிறகு. அப்போது அவர் எழுதுவது ‘தெளிவில்லை’, ‘வெறும் விவரணை’, ‘வாதம் எங்கே?’ போன்ற குறிப்புகள். அவை சரியான குறிப்புகளே. ஆனால் ‘வெறும் விவரணை’ என்றால் அடுத்த முறை எந்த வாக்கியத்தை எப்படி மாற்ற வேண்டும் என்பது மாணவருக்குத் தெரியாது. அதைச் சொல்லித்தர 200 பேர் அமர்ந்திருக்கும் பாடத்தில் யாருக்கும் நேரம் இல்லை. பேராசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அது அவர்களின் வேலையாக வகுக்கப்படவே இல்லை.

நேரக் கணக்கு. ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில், தொடக்கத்திலிருந்து பி2 (மேல் இடைநிலை) நிலைக்கு 500 முதல் 600 மணி நேர வழிகாட்டுதலும், அதற்கு அடுத்த சி1 நிலைக்கு 700 முதல் 800 மணி நேரமும் தோராயமாகத் தேவை என்று கேம்பிரிட்ஜ் ஆங்கிலத் தேர்வு அமைப்பு கணக்கிடுகிறது. ஒரு நிலை ஏறச் சுமார் 200 மணி நேரம். வாரம் 20 மணி நேரம் என்றால் 12 வாரத்தில் 240. 5 வாரத்தில் 100, அதிலும் பாதி தேர்வுப் பயிற்சி. மீதி 50 மணி நேரத்தில் யாரும் எதையும் ஏறிவிட முடியாது. வகுப்பின் அளவும் அதே கணக்கில் வருகிறது. ஒரு வரைவை வைத்து ஒரு மாணவரோடு உட்கார்ந்து பேச 15 நிமிடம் வேண்டும். 14 பேர் என்றால் வாரம் மூன்றரை மணி நேரம், ஓர் ஆசிரியரால் முடியும். 30 பேர் என்றால் ஏழரை மணி நேரம், முடியாது. அப்போது திருத்தம் என்பது சிவப்பு மையில் பிழை சுழிப்பதாகச் சுருங்கிவிடும். முதல் வரைவில் வாதத்தையும் அமைப்பையும் மட்டும் பார்த்து, இரண்டாவதில் மொழியைப் பார்த்து, அங்கும் திரும்பத் திரும்ப வரும் இரண்டு மூன்று பிழைகளை மட்டும் எடுத்துச் சொன்னால்தான் மாணவர் கற்கிறார். 40 சுழிப்புகளோடு திரும்பி வரும் தாளை அவர் ஒருமுறை பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்.

பணமும் நேரமும் குறைவு என்பதை நாங்கள் அறிவோம். குறைக்கத்தான் வேண்டும் என்றால் எங்கே குறைக்கலாம் என்றும் சொல்கிறோம். முதல் வார இலக்கண மீள்பார்வையை இணையத்துக்கு மாற்றலாம். அங்கே அது நன்றாகவே நடக்கும். இறுதியில் வைக்கும் மூன்று மணி நேரத் தேர்வை எடுத்துவிட்டு, வரைவுகளின் தொகுப்பையே மதிப்பிடலாம். தேர்வுப் பயிற்சியை முழுதாக நீக்கலாம். இப்படிச் செய்தால் 10 வாரத்துக்கு வந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் வரைவுகளின் சுற்று அறுந்துவிடும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

வரும் அணிக்கு 5 வாரத் திட்டத்தை நிறுத்திவைத்து, மேலே சொன்ன 10 வார வடிவத்தை நடத்த அனுமதியுங்கள்.

யாருக்கு ஆயத்தப் படிப்பு தேவை என்பதை மொத்த மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். எழுத்துப் பகுதியின் மதிப்பெண்ணைத் தனியே பாருங்கள், 6.5க்குக் கீழே இருப்பவர்களுக்குப் படிப்பைக் கட்டாயமாக்குங்கள். மொழிச்சுமை கூடிய துறைகளுக்கு அந்த எல்லையை 7 ஆக வையுங்கள்.

வகுப்புக்கு 14 பேருக்கு மேல் வேண்டாம். மூலங்களை வைத்து எழுதும் ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு வரைவு, ஒவ்வொன்றுக்கும் ஆசிரியரின் நேரடித் திருத்தம் என்பதைப் பாடத்திட்டத்திலேயே எழுதிவையுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கண்டுபிடிப்பானின் முடிவையோ ஒற்றுமை விழுக்காட்டையோ மட்டும் வைத்து எந்த மாணவரையும் விசாரணைக்கு அனுப்பக் கூடாது என்று விதி செய்யுங்கள். ஐயம் எழுந்தால் அவருடைய குறிப்புகளையும் வரைவுகளையும் பார்த்து, அவரோடு பேசிய பிறகே அடுத்த படி.

ஒவ்வொரு துறையிலிருந்தும், மாணவரின் பெயர் நீக்கிய, மதிப்பிடப்பட்ட ஐந்து கட்டுரைகளை, பேராசிரியரின் குறிப்புகளோடு எங்களுக்குத் தரச் சொல்லுங்கள். சட்டம் படிக்கப் போகிறவருக்கும் பொறியியல் படிக்கப் போகிறவருக்கும் ஒரே மாதிரிக் கட்டுரையைக் காட்டிக் கற்பிப்பதை நாங்கள் நிறுத்த விரும்புகிறோம்.

முதல் பருவம் முழுவதும் வாரம் இரண்டு மணி நேரம், துறைப் பாடத்தோடு இணைந்த எழுத்து உதவி வகுப்பை வையுங்கள். உண்மையான அசைன்மென்ட் கையில் இருக்கும்போதுதான் மாணவர் சரியான கேள்வியைக் கேட்கிறார்.

அடுத்த அணிக்கான சேர்க்கைக் கடிதங்கள் அனுப்பப்படுவதற்கு முன்பு, இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் தாருங்கள். ஏற்காதவற்றுக்குக் காரணத்தையும் சொல்லுங்கள். நேரில் பேச அழைத்தால் மாணவர்களின் அனுமதியோடு முதல் வரைவுகளையும் கடைசி வரைவுகளையும் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஆயத்த ஆங்கிலப் படிப்பின் ஆசிரியர்கள்